துருக்கி "இஸ்லாமியக் குடியரசு" அன்று: ஒரு திருத்தமும் சில விளக்கங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்ற பிறகு, அந்த நாட்டைப் பற்றித் தமிழில் வரும் செய்திகள், கட்டுரைகள், வாசகர் கடிதங்கள் எல்லாவற்றிலும் ஒரே விளக்கம் திரும்பத் திரும்ப வருகிறது: "துருக்கி முஸ்லிம் நாடு, பாகிஸ்தானும் முஸ்லிம் நாடு, அதனால் சேர்ந்துகொண்டார்கள்." போதாக்குறைக்குச் சில இடங்களில் "துருக்கி இஸ்லாமியக் குடியரசு" என்றே அச்சாகிறது. பெயரிலேயே பிழை. பாகிஸ்தான், ஈரான், மௌரித்தானியா ஆகியவை தம் பெயரில் "இஸ்லாமியக் குடியரசு" என்று வைத்திருக்கின்றன. துருக்கியின் அரசமைப்புச் சட்டம் 2ஆவது பிரிவில் தன்னை ஜனநாயக, மதச்சார்பற்ற, சமூக நல அரசு என்கிறது. முதல் மூன்று பிரிவுகளையும் திருத்தக் கூடாது, திருத்தச் சொல்லி முன்மொழியவும் கூடாது என்கிறது 4ஆவது பிரிவு. அந்த மதச்சார்பின்மை நடைமுறையில் எப்படிப்பட்டது என்பது தனி விவகாரம், கீழே வருகிறோம்.

துருக்கி செய்தது சரி என்று வாதாட இதை எழுதவில்லை. துருக்கித் தயாரிப்பு ட்ரோன்கள் நம் எல்லைக்குள் ஏவப்பட்டதாக நம் ராணுவமே சொன்ன பிறகு மக்களுக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் காரணத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டால், அந்த நாடு அடுத்து என்ன செய்யும் என்ற கணக்கும் தப்பிப்போகும். எங்கள் கவலை அதுதான்.

நம் மண்ணிலிருந்தே தொடங்கலாம். கிருஷ்ணகிரி சையத் பாஷா மலைமீது நிற்கும் கோட்டை திப்பு சுல்தான் கையில் இருந்த காலம். பாராமகால் என்ற இந்தப் பகுதி முழுக்க மைசூரின் ஆட்சி. 1786இல் திப்பு ஒரு பெரிய தூதுக்குழுவைக் கடல் வழியாக மஸ்கட், பஸ்ரா என்று அனுப்பி, அது 1787இல் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தது. அவர் கேட்டவை: தன் ஆட்சிக்குக் கலீபாவின் (முஸ்லிம்களின் சமயத் தலைவர்) அங்கீகாரம், வணிகச் சலுகை, ஆங்கிலேயருக்கு எதிராக உதவி. கூடப் போன நூற்றுக்கணக்கானோர் நோயிலும் கடலிலும் மடிந்தார்கள். கலீபாவாகவும் இருந்த சுல்தான் மரியாதைகள் செய்தார், படை உதவி செய்யவில்லை. அந்த ஆண்டுதான் ரஷ்யாவோடு, அன்று துருக்கியை ஆண்ட உஸ்மானியர்களுக்குப் போர் மூண்டிருந்தது. ஆங்கிலேயரைப் பகைக்கும் நிலையில் அவர்கள் இல்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் திப்புவின் கையைவிட்டுப் போனது. 1798இல் நெப்போலியன் எகிப்தில் இறங்கியதும் சுல்தான் மூன்றாம் செலிம் திப்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பிரெஞ்சுக்காரரை நம்பாதே, ஆங்கிலேயரோடு சமாதானமாகப் போ என்று. அந்தக் கடிதத்தைத் திப்புவிடம் சேர்ப்பித்ததே ஆங்கிலேயர்கள்தான். மார்க்க சகோதரர் என்ற உறவு அன்றைக்கே இந்த அளவுக்குத்தான் எடை பெற்றது.

அடுத்தது கிலாபத். 1919 முதல் இந்திய முஸ்லிம்கள் கலீபா பதவியைக் காப்பாற்றப் போராடினார்கள். காந்தியடிகள் அதோடு ஒத்துழையாமையை இணைத்தார். கலீபா பதவியை ஒழித்தவர்கள் யார் என்றால், துருக்கியர்களேதான். 1923 கடைசியில் ஆகா கானும் அமீர் அலியும் லண்டனிலிருந்து "கலீபாவின் மரியாதையைக் காப்பாற்றுங்கள்" என்று துருக்கிப் பிரதமருக்கு எழுதிய கடிதம் இஸ்தான்புல் நாளேடுகளில் வெளிவந்தது. புதிய தலைநகர் அங்காராவில் இருந்தவர்களுக்கு அது எரிச்சலை மூட்டியது. வெளியிலிருந்து நம் நாட்டு விவகாரத்தில் தலையிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். அதை வெளியிட்ட பத்திரிகையாளர்கள்மீது வழக்குப் பாய்ந்தது. 1924 மார்ச் 3ஆம் தேதி கலீபா பதவியே சட்டப்படி ஒழிந்தது. உதவி செய்யப் போன கடிதம் முடிவை விரைவுபடுத்தியது. தேசிய அடையாளம் புதிதாக உருவாகும் நேரத்தில் "நாம் ஒரே சமூகம்" என்று வெளியிலிருந்து வரும் குரல் எப்படிக் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அந்த அடையாளம் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால்தான் இன்றைய வெளியுறவு புரியும். 1923 அக்டோபர் 29 குடியரசு அறிவிப்பு. 1925இல் ஃபெஸ் தொப்பிக்குத் தடை. 1926இல் சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டம் அப்படியே எடுத்தாளப்பட்டது. 1928இல் "அரசின் மதம் இஸ்லாம்" என்ற வாசகம் அரசமைப்பிலிருந்து நீங்கியது. மதச்சார்பின்மை என்ற சொல் உள்ளே வந்தது 1937இல்தான். பெண்களுக்கு உள்ளாட்சி வாக்கு 1930, நாடாளுமன்ற வாக்கு 1934. நம்மைப் போலவே அவர்களுக்கும் அதுவரை குடும்பப் பெயர் வழக்கம் கிடையாது. 1934இல் சட்டம் போட்டு ஆளுக்கொரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நம் பழைய ஏடுகள் "கமால் பாட்சா" என்று கொண்டாடிய, குடியரசை நிறுவிய முஸ்தபா கெமாலுக்கு "அத்தாதுர்க்" என்ற பெயர் வந்தது அப்போதுதான்.

இதில் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. கலீபா பதவியை ஒழித்த அதே நாளில் "தியானெத்" என்ற சமய விவகார அலுவலகத்தையும் உருவாக்கினார்கள். மதத்தை அரசிலிருந்து பிரிக்கவில்லை. மதத்தை அரசின் கைக்குள் கொண்டுவந்தார்கள். நம் அறநிலையத் துறையோடு ஒப்பிடத் தோன்றும். அறநிலையத் துறை கோயில் சொத்து, நிர்வாகம், நியமனம் இவற்றோடு நிற்கிறது. தியானெத்தில் இமாம்கள் அரசுச் சம்பளம் வாங்கும் ஊழியர்கள். வெள்ளிக்கிழமை உரை மையத்தில் தயாராகிப் பள்ளிவாசல்களுக்குப் போகிறது. கெமால் கட்சி ஆண்டபோது அந்த உரை ஒரு மாதிரி இருந்தது, அதிபர் எர்தோவான் ஆளும்போது வேறு மாதிரி இருக்கிறது. கருவி ஒன்றே, பிடித்திருக்கும் கைதான் மாறியது. ஐரோப்பாவில் வாழும் துருக்கியர்களின் பள்ளிவாசல்களுக்கும் அங்கிருந்து இமாம்கள் போவதால், அது வெளியுறவுக் கருவியும்கூட. சுன்னி மரபை ஒட்டியே அது நடப்பதால் லட்சக்கணக்கான அலெவி முஸ்லிம்கள் தங்கள் வழிபாட்டு இல்லங்களுக்குச் சம மதிப்பு கேட்டு இன்னும் போராடுகிறார்கள்.

துருக்கியர் என்றால் யார்? 1923 ஜனவரியில் கிரேக்கத்தோடு போட்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தைப் பார்த்தால் விடையின் சிக்கல் தெரியும். யார் போவது, யார் இருப்பது என்பதற்கு மொழி அளவுகோல் இல்லை, மதமே அளவுகோல். அனதோலியாவில் துருக்கி மொழியைத் தவிர வேறு மொழி அறியாத ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களைக் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். கிரீட் தீவில் கிரேக்க மொழி மட்டுமே பேசிய முஸ்லிம்கள் துருக்கிக்கு வந்தார்கள். மொத்தம் சுமார் 12 லட்சம் பேர் கிரேக்கத்துக்கு, சுமார் 4 லட்சம் பேர் துருக்கிக்கு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், எல்லை தாண்டினால் கன்னடம் என்று வாழும் ஓசூர்க்காரர்களுக்கும், உருது பேசும் முஸ்லிம்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் ஒரே தெருவில் வாழும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு எவ்வளவு கொடியது என்று விளக்க வேண்டியதில்லை. மதச்சார்பற்றது என்று தன்னைச் சொல்லிக்கொள்ளப்போகும் நாடு, தன் குடிமக்களை மதத்தை வைத்துத்தான் பொறுக்கியெடுத்தது.

அதே ஆண்டு ஜூலை 24இல் கையெழுத்தான லொசான் உடன்படிக்கை, முஸ்லிம் அல்லாதவர்களை மட்டுமே சிறுபான்மையினராக ஏற்றது. குர்து மக்கள் முஸ்லிம்கள் என்பதால் அந்தப் பட்டியலில் வரவில்லை. துருக்கியர் என்ற பொதுப் பெயருக்குள் அடக்கப்பட்டார்கள். 1984 முதல் நடந்த ஆயுத மோதலில் சுமார் 40,000 பேர் மாண்டதற்கு வேர் அங்கே இருக்கிறது. சிரியா, இராக், சுவீடன் எந்த நாட்டோடு துருக்கி உரசினாலும் அடியில் குர்துப் பிரச்சினை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுவீடனும் பின்லாந்தும் 2022 மே மாதம் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர விண்ணப்பித்தபோது அங்காரா முட்டுக்கட்டை போட்டது இதனால்தான். புதியவரைச் சேர்க்க எல்லா உறுப்பு நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாடாளுமன்றம் கையெழுத்துப் போடாவிட்டால் கதவு திறக்காது. பின்லாந்து 2023 ஏப்ரலில் உள்ளே போனது. சுவீடன் 2024 மார்ச் வரை வாசலில் நின்றது.

மொழிச் சீர்திருத்தம் தமிழர்களுக்கு எளிதில் விளங்கும். 1928 நவம்பரில் அரபு எழுத்தை விட்டு 29 எழுத்துள்ள லத்தீன் வரிவடிவத்துக்கு மாறினார்கள். 1932இல் மொழிக் கழகம் தொடங்கி அரபு, பாரசீகச் சொற்களைக் களைந்தார்கள். தனித்தமிழ் இயக்கத்தோடு ஒப்பிடலாம். ஆனால் இங்கே அது எழுத்தாளர்கள், ஆசிரியர்கள் வழியாகப் பல பத்தாண்டுகளாக நடந்தது, அங்கே அரசாணை வழியாகச் சில ஆண்டுகளில் நடந்தது. 1978இல் ணை, லை, னை எழுத்துகளை மாற்றியதற்கே நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கடைசிவரை பழைய வடிவத்திலேயே எழுதினார்கள். அங்கே தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் எழுத்துக்கூட்டவே முடியாத நிலை வந்தது. 1927இல் கெமால் ஆறு நாள், சுமார் 36 மணி நேரம் ஆற்றிய உரையையே இன்றைய இளைஞர்கள் எளிமைப்படுத்திய பதிப்பில்தான் படிக்கிறார்கள். பழைய எழுத்தைப் பள்ளியில் கற்பிப்போம் என்று 2014இல் எர்தோவான் பேசியபோது ஏன் அவ்வளவு பெரிய சண்டை மூண்டது என்பது இதைத் தெரிந்தால் புரியும். உள்நாட்டில் தீராத இந்த வழக்குதான் வெளியுறவு மேடையிலும் வந்து பேசுகிறது: நாம் ஐரோப்பாவா, துருக்கிய இனமா, உஸ்மானிய வாரிசா?

இனி நிலத்துக்கும் நீருக்கும் வருவோம். பாஸ்பரஸ் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் சுமார் 700 மீட்டர். கருங்கடலிலிருந்து வெளியே வர வேறு கடல் வழி இல்லை. 1936 ஜூலை 20இல் கையெழுத்தான மோந்த்ரே ஒப்பந்தம் இதன் சாவியைத் துருக்கி கையில் கொடுத்தது. விதிகள் மிக நுணுக்கமானவை. சமாதான காலத்தில் சரக்குக் கப்பல் எந்தக் கொடியோடும் போகலாம். போர்க்கப்பல் என்றால் 8 நாள் முன்னறிவிப்பு. கருங்கடல் கரையில் இல்லாத நாடுகள் 15 நாள் முன்பே சொல்வது நல்லது என்கிறது ஒப்பந்தம். ஒரே நேரத்தில் நீரிணையைக் கடக்கும் அயல்நாட்டுப் போர்க்கப்பல்கள் பொதுவாக 9க்கு மேலும் 15,000 டன்னுக்கு மேலும் போகக் கூடாது. கரையோரம் இல்லாத நாடுகளின் மொத்தப் போர்க்கப்பல் எடை கருங்கடலுக்குள் 30,000 டன், சில சூழலில் 45,000 டன் வரை. 21 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. போர் நடந்தால் 19ஆவது பிரிவின்படி போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வழி இல்லை, தன் தளத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு மட்டும் விலக்கு. துருக்கியே போரில் இருந்தால் முழு முடிவும் அதன் கையில்.

2022 பிப்ரவரி கடைசியில் உக்ரைனில் நடப்பது போர்தான் என்று துருக்கி அறிவித்து இந்தப் பிரிவைப் பயன்படுத்தியது. மத்தியதரைக் கடலில் இருந்த ரஷ்யப் போர்க்கப்பல்கள் கருங்கடலுக்குள் வலுச்சேர்க்க வர முடியவில்லை. அதே துருக்கி ரஷ்யாமீது மேற்கு நாடுகள் போட்ட பொருளாதாரத் தடையில் சேரவில்லை. அக்குயுவில் ரஷ்ய நிறுவனம் 1,200 மெகாவாட் வீதம் 4 அணு உலைகளைக் கட்டுகிறது; ரஷ்ய எரிவாயு கடலடிக் குழாயில் வருகிறது; உக்ரைனுக்கோ துருக்கித் தயாரிப்பு ட்ரோன்கள் போயின. இதை இரட்டை வேடம் என்று எழுதுகிறார்கள். சோவியத் ரஷ்யா 1945இல் நீரிணையில் தளமும் கார்ஸ், அர்தஹான் பகுதிகளும் கேட்டு மிரட்டியதால் பயந்துபோய் 1952இல் நேட்டோவில் சேர்ந்த நாடு அது. ரஷ்யாவைப் பார்த்துப் பயம், ரஷ்யா இல்லாமல் அடுப்பெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

2022இல் தருமபுரியிலும் காவேரிப்பட்டணத்திலும் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியதும் ஒரு காரணம். ஆனால் போருக்கு முன் நாம் வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனிலிருந்து இந்த நீரிணை வழியாகத்தான் வந்தது. 2022 ஜூலை 22இல் இஸ்தான்புல்லில் கையெழுத்தான தானிய ஒப்பந்தப்படி உக்ரைன், ரஷ்யா, துருக்கி, ஐ.நா. நான்கு தரப்பும் சேர்ந்து ஒவ்வொரு கப்பலையும் போகும்போதும் வரும்போதும் சோதித்தார்கள். எங்கே இடித்தது என்றால், சோதனைக் குழுக்களின் எண்ணிக்கையில். குழு குறைந்தால் கப்பல்கள் மார்மரா கடலில் வரிசையில் நிற்கும். நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகையும் காப்பீடும் ஏறும். அது எண்ணெய் விலையில் வந்து விழும். கிட்டத்தட்ட 3.3 கோடி டன் போன பிறகு 2023 ஜூலையில் ரஷ்யா விலகிக்கொண்டது.

மளிகைக் கடையில் இருக்கும்போதே கசகசாவையும் சொல்லிவிடுகிறோம். கல்யாணக் குருமாவில் தேங்காயோடு அரைத்து ஊற்றும் அந்த வெள்ளைப் பொடி விதையில் பெரும்பங்கு துருக்கியிலிருந்து வருவது. அபின் செடியின் விதை என்பதால் சாதாரண மசாலாப் பொருள்போல இறக்குமதி செய்துவிட முடியாது. சட்டப்படி அனுமதி பெற்ற வயலில் விளைந்தது என்று விற்கும் நாட்டு அதிகாரிகளின் சான்று வேண்டும். ஒப்பந்தத்தைக் குவாலியரில் உள்ள போதைப்பொருள் ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு பக்கத் தாளும் பொருந்தாவிட்டால் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும், இங்கே கிலோ விலை தாறுமாறாக ஏறும். இதே கசகசாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டு துபாயில் இறங்கினால் கைது என்பதை வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் அறியும். இரண்டும் "முஸ்லிம் நாடு"தான். ஒன்றில் அது அரசு அனுமதியோடு விளையும் பயிர், மற்றதில் சிறைக்கு அனுப்பும் பொருள்.

இந்தச் செடிக்கு ஒரு வெளியுறவு வரலாறும் உண்டு. தன் நாட்டு இளைஞர்கள் ஹெராயினுக்கு அடிமையாவதற்குத் துருக்கி அபினே காரணம் என்று அமெரிக்கா நெருக்கியதால் 1971இல் ராணுவத்தின் நிழலில் இருந்த அரசு பயிருக்குத் தடை போட்டது. ஈடாக அமெரிக்கா ஒப்புக்கொண்டது சுமார் 3.5 கோடி டாலர். அஃபியோன் பகுதி விவசாயிக்கு அது எந்த மூலைக்கும் போதவில்லை. அந்த ஊரின் பெயரிலேயே அபின் இருக்கிறது. விதையைச் சமையலுக்கு, எண்ணெயை விளக்குக்கும் உணவுக்கும், தட்டையை மாட்டுக்கு என்று முழுச் செடியையும் நம்பி வாழ்ந்தவர்கள் அவர்கள். தாகூர் கவிதைகளைத் துருக்கி மொழியில் பெயர்த்த பூலென்த் எஜெவித் பிரதமராகி 1974 ஜூலை 1இல் தடையை நீக்கினார். காயைக் கீறிப் பால் எடுக்காமல், காய்ந்த காயை அப்படியே ஆலைக்கு அனுப்பும் முறைக்கு மாற்றிக் கள்ளக் கடத்தலை அடைத்தார்கள். தடை நீங்கிய 20ஆவது நாள், 1974 ஜூலை 20, கிரேக்கர்களும் துருக்கியர்களும் வாழும் தீவு நாடான சைப்ரஸில் துருக்கிப் படை இறங்கியது. 1975 பிப்ரவரியில் அமெரிக்கா ஆயுத விற்பனையை நிறுத்தியது. நேட்டோ நண்பன் தன்னைத் தட்டிக்கேட்கிறான் என்ற அந்தக் காயமும், சொந்த ஆயுதத் தொழில் வேண்டும் என்ற வைராக்கியமும் அன்றிலிருந்து வளர்ந்தவை. இன்றைய ட்ரோன்களின் கதை அங்கே தொடங்குகிறது. இடதுசாரிப் பிரதமர் ஒருவர் செய்த காரியம் இது.

சைப்ரஸைச் சொன்னால்தான் பாகிஸ்தான் விவகாரம் விளங்கும். சைப்ரஸ் பிரச்சினையில் 1960களிலிருந்தே பாகிஸ்தான் துருக்கி பக்கம் நின்றது. இந்தியா, அணிசேரா நண்பரான அதிபர் மகாரியோஸின் சைப்ரஸ் பக்கம் நின்றது. அங்கே சென்ற ஐ.நா. அமைதிப் படைக்குக் கியானி, திம்மையா, பிரேம் சந்த் என்று மூன்று இந்தியத் தளபதிகள் தலைமை ஏற்றார்கள். பக்கத்துக் குடகைச் சேர்ந்த திம்மையா 1965இல் சைப்ரஸிலேயே காலமானார். காஷ்மீருக்குப் பதில் சைப்ரஸ் என்ற கொடுக்கல் வாங்கல் அப்போதே படிந்துவிட்டது. 1955இல் பாக்தாத் உடன்படிக்கையில் துருக்கியும் பாகிஸ்தானும் ஒன்றாக இருந்தன. அதைக் கூட்டிவைத்தவை பிரிட்டனும் அமெரிக்காவும். இப்போது அதன்மேல் ஆயுத வணிகம் சேர்ந்திருக்கிறது: பாகிஸ்தான் கடற்படைக்கு 4 போர்க்கப்பல்கள் கட்டித்தர 2018இல் ஒப்பந்தம். எர்தோவான் 2019இல் ஐ.நா. பொதுச்சபையில் காஷ்மீரை எழுப்பியதில் மதச் சொல்லாடல் இல்லாமல் இல்லை. ஆனால் அது மேலே பூசிய பூச்சு. சுவர் சைப்ரஸ், போர்க்கப்பல், உள்ளூர் வாக்கு என்ற செங்கற்களால் ஆனது. நம் பிரதமர் 2025 ஜூனில் சைப்ரஸுக்குப் போனதன் பொருளை அங்காரா உடனே புரிந்துகொண்டிருக்கும்.

மதம்தான் அச்சாணி என்றால் காகசஸில் நடப்பதற்கு விளக்கம் கிடையாது. அஜர்பைஜானில் பெரும்பான்மை ஷியாக்கள், துருக்கியில் சுன்னிகள். ஆனாலும் "ஒரு தேசம், இரு அரசு" என்று சொல்லிக்கொள்ளும் நெருக்கம். காரணம் துருக்கிய மொழி. பக்கத்தில் ஷியா நாடான ஈரான் பல ஆண்டுகளாகக் கிறித்தவ ஆர்மீனியாவோடுதான் நெருக்கம், தன் நாட்டு அஜெரிகளுக்குப் பிரிவினை எண்ணம் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில். இஸ்ரேலை 1949இலேயே அங்கீகரித்த முதல் முஸ்லிம் பெரும்பான்மை நாடும் துருக்கிதான். நாம் 1950இல் அங்கீகரித்து 1992இல்தான் முழுத் தூதரக உறவுக்கு வந்தோம். காசா போருக்காக 2024 மே மாதம் வணிகத்தை முழுதும் நிறுத்தும்வரை இரு நாடுகளுக்கிடையே ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் சரக்கு போய்வந்தது.

ஐரோப்பிய ஒன்றியக் கதையைச் சுருக்கமாக: 1963இல் ஒப்பந்தம், 1987இல் விண்ணப்பம், 2005 அக்டோபரில் பேச்சுவார்த்தை. 35 அத்தியாயங்களில் திறந்தவை 16, முடிந்தது அறிவியல் ஆராய்ச்சி ஒன்றே ஒன்று. சைப்ரஸ் கப்பல்களுக்குத் துறைமுகம் திறக்கவில்லை என்று 2006இல் 8 அத்தியாயங்கள் முடக்கப்பட்டன. அப்புறம் "அண்டை நாடுகளோடு பிரச்சினை இல்லை" என்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் தாவுதோலு கிழக்குப் பக்கம் திரும்பினார். 2013 கடைசியில் கெய்ரோ, டமாஸ்கஸ், டெல் அவிவ் மூன்றிலும் துருக்கித் தூதர் இல்லை. அரபு எழுச்சியில் ஒரு தரப்பை முழுக்க நம்பிப் பணம் கட்டியதன் விளைவு. 2022இல் பணவீக்கம் அரசுக் கணக்குப்படியே 85 சதவீதத்தைத் தொட்ட காலத்தில் சவுதி, அமீரகம், எகிப்து என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கைகுலுக்கினார்கள்.

ஒரு நாளை மட்டும் கிட்ட நின்று பார்க்க வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: 2003 மார்ச் 1. இராக்கின்மீது வடக்கிலிருந்து பாய அமெரிக்கா சுமார் 62,000 படைவீரர்களைத் துருக்கியில் இறக்க அனுமதி கேட்டது. அமெரிக்கக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்தன. அவையில் ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவுதான் அதிகம் என்று முதலில் பலர் தீர்மானம் நிறைவேறியதாகவே நினைத்தார்கள். ஆனால் விதிப்படி, கலந்துகொண்ட 533 பேரில் பாதிக்கு மேல், அதாவது 267 வேண்டும். 3 வாக்கு போதாமல் தீர்மானம் விழுந்தது. ஆளுங்கட்சிக்கு அப்போது 360க்கு மேல் உறுப்பினர்கள்; சொந்தக் கட்சியே ஏறத்தாழ 100 வாக்குகளைக் கொடுக்கவில்லை. ஒருவர் பேச்சை மட்டும் வைத்து அந்த நாட்டைப் படிக்க முடியாது என்பதற்கு நாங்கள் வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டு இது. 2017 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு அதிகாரம் அதிபர் கையில் குவிந்தது உண்மை. ஆனாலும் 2023 தேர்தலில் அவர் இரண்டாம் சுற்றுவரை போக வேண்டியிருந்தது, கிடைத்தது சுமார் 52 சதவீதம். மீதிப் பாதியும் துருக்கிதான்.

ஆகவே அங்காராவிலிருந்து ஒரு காட்டமான பேச்சு வந்தால், யார் பேசியது, அதிபர் கட்சி மேடையிலா, வெளியுறவு அமைச்சக அறிக்கையா என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் தேர்தல் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு கப்பல், குழாய், ஒப்பந்தம் எதுவாவது மாறியதா என்று பாருங்கள். மூன்றாவது மாறாமல் முதல் இரண்டு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் உள்ளூர்ப் பேச்சு.

துருக்கிப் பொருள்களைப் புறக்கணிக்க வேண்டும் என்ற பேச்சு பற்றியும் ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரி, தருமபுரி கிரானைட் தொழில் செய்கிறவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. துருக்கியிலிருந்து வருவது பெரும்பாலும் மார்பிள் பிளாக், நம்முடையது கிரானைட். எஃப்.ஓ.பி. முறையில் வாங்கினால் சரக்கு அங்கே கப்பலில் ஏறிய நிமிடமே பொறுப்பு வாங்குபவருடையது. நடுக்கடலில் இருக்கும் கல்லைப் புறக்கணித்தால் நட்டம் நம்மவருக்கு. துருக்கிக்காரர் வங்கிக் கடன் உறுதிக் கடிதத்தைக் காட்டிப் பணத்தை எடுத்திருப்பார். புறக்கணிப்பதானால் அடுத்த ஒப்பந்தத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னொன்று: 2023-24இல் நாம் துருக்கிக்கு ஏற்றுமதி செய்தது சுமார் 660 கோடி டாலர், இறக்குமதி சுமார் 380 கோடி டாலர். வணிகத்தில் கை ஓங்கியிருப்பது நமக்கு. அதை ஆயுதமாகப் பயன்படுத்துவதா, பாதுகாப்பதா என்று தீர்மானிப்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீர்மானிக்கட்டும். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் துருக்கியில் மட்டும் 50,000க்கு மேற்பட்டோர் மாண்டபோது நம் மீட்புப் படையும் ராணுவ மருத்துவமனையும் ஹதாய் பகுதிக்கு ஓடின. அந்த நன்றி அரசின் முடிவில் எதிரொலிக்கவில்லை என்ற வருத்தம் எங்களுக்கும் உண்டு.

முடிவாகத் தங்கள் நாளிதழுக்குச் சில வேண்டுகோள்கள். "இஸ்லாமியக் குடியரசு" என்பதைத் திருத்தி, "துருக்கிக் குடியரசு" என்று எழுதுங்கள். 2022இல் ஐ.நா. ஏற்ற "துர்கியே" என்ற பெயர் மாற்றம் ஆங்கிலத்தில் வான்கோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து விலகவே. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை, "துருக்கி" போதும். "எர்டோகன்" என்பது சரியல்ல. நடுவில் வரும் வளைவுக்குறி போட்ட எழுத்துக்கு அந்த மொழியில் தனி ஒலி கிடையாது, முன்னால் உள்ள உயிரை நீட்டும், அவ்வளவே. எர்தோவான் என்பதே நெருக்கம். "தாவுதோக்லு" என்பதும் அப்படியே, தாவுதோலு. ஆங்கில மூன்றாம் எழுத்து அங்கே "ஜ" ஒலி: "எசெவிட்" இல்லை, எஜெவித். ஏஜென்சிச் செய்தியை மொழிபெயர்க்கும் மேசையில் இந்த நாலைந்து ஒலிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
வரலாறும் அரசியல் அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி.